கண்ணில் படாதது

சபர்பெக் கொண்டுவந்த கழுகுக்கு
இன்னும் பெயர் வைக்கவில்லை.
அவன் கையுறை மேல் ஆறு கிலோ கோபம்.
பின்னால் இசிக்-குல் ஏரி,
பெண் பார்க்க வந்தவர்களோடு ஒட்டிக்கொண்டு வந்த
தூரத்துச் சொந்தம் மாதிரி
வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறது.

"சைராகுல், ஒரு தொமொகோ வேணும்" என்றான்.
தொமொகோ: கழுகின் தலைக்குத் தோல் குல்லாய்.
கண்ணை மூடும், மூக்கை விடும்.
போட்டதும் உலகம் அணையும், கழுகு அடங்கும்.
நான் செய்து விற்பது இருட்டுதான்.
தோல் அதற்குப் பாத்திரம்.

நூல் வைத்து அளக்க முடியாது.
உள்ளங்கையைக் குவித்து அளக்க வேண்டும்,
அது என் மணிக்கட்டை அளந்துகொண்டிருக்கும்போதே.
கன்றுத் தோலை
குழந்தைக்கு ஊற்றும் சூட்டில் ஊறவைத்து,
பிர்ச் கட்டையில் செதுக்கிய தலைமேல் இழுத்து,
ஆணியடித்து இரண்டு நாள் விடுவேன்.
அலகு உரசும் விளிம்பை
வெங்காயச் சருகாகும்வரை சீவுவேன்.
குத்தூசி, மெழுகு நூல்.
மூன்று துண்டு ஒரு தலையாகும்.
பிறகு உள்ளிருந்து, கரண்டிக் காம்பால்
அழுத்தி அழுத்தி
பக்கத்துக்கு ஒன்றாய் இரண்டு குழி எடுப்பேன்.
வேலை முழுக்க அங்கேதான்:
எதுவும் கண்ணில் படக்கூடாது.

"கண்ணில் படாத வேலைக்கா இவ்வளவு காசு?"
என்றான் சபர்பெக்.
அதற்குத்தான் காசு என்றேன்.
மிச்சமெல்லாம் இனாம்.

அதே வாரம் ரோட்டர்டாமிலிருந்து ஒரு கடிதம்.
திருமதி வெர்ஹூவன். ஒன்று வேண்டும், அலமாரிக்கு.
எந்தத் தலைக்கு? என்று கேட்டு எழுதினேன்.
தலை எதுவும் இல்லை, என்றது பதில்,
வெள்ளி மட்டும் நிறைய இருக்கட்டும்.

பனி விழுந்து, உருகி, மறுபடி விழுந்தது.
தோல் மேசையிலேயே கிடந்தது.
யாருக்கும் இல்லாத தொப்பியை
எங்கிருந்து வெட்ட ஆரம்பிப்பது?

கடைசியில் அந்தப் பெயரில்லாத தலைக்கே வெட்டினேன்.
ஆட்டுக்கொம்புச் சுருள் வரைந்தேன்,
உச்சியில் சிவப்புக் குஞ்சம் வைத்தேன்,
பதினோரு வெள்ளிப் பூ.
எனக்கே பிடித்திருந்தது, அதுதான் உறுத்தியது.
சாயங்காலம் சபர்பெக்கை வரச்சொன்னேன்.

கழுகு ஒரு உதறு உதறியது, வெள்ளி கலகலத்தது.
இன்னொரு உதறு,
ரோட்டர்டாமுக்குப் போகவேண்டியது
வைக்கோலில் கிடந்தது,
இடது பக்கம் ஒரு நகக் கீறலோடு.

விளக்கடியில் உட்கார்ந்து
ஒவ்வொரு பூவாய்க் கழற்றினேன்.
ஒன்று கழற்றிப் போட்டுப் பார்ப்பது,
உதறுவது, இன்னொன்று கழற்றுவது.
சபர்பெக் தேநீர் குடித்து முடித்து
அடுத்ததும் குடித்தான்.
மூன்று பூ மிஞ்சியபோது
கழுகு ஒற்றைக் காலை மடக்கி
வயிற்றுத் தூவிக்குள் வைத்துக்கொண்டது.
சரி, என்றேன், இவ்வளவுதான் அழகு தாங்கும்.

எட்டுப் பூவைத் தனி உறையில் போட்டு
கூடவே அனுப்பினேன்:
பறவை சம்மதிக்கவில்லை, மன்னிக்கவும்.

கீறலுக்குத் தள்ளுபடி கேட்டார். கொடுத்தேன்.
படம் ஒன்று அனுப்பினார்:
கண்ணாடிப் பெட்டி, கீழிருந்து விளக்கு,
குல்லாய்க்குள் இருட்டு இருக்க இடமே இல்லை.
பார்த்து வைத்துவிட்டு
ஒரு சேணத்துக்கு வார் தைக்கப் போனேன்.

ஏப்ரலில் இன்னொரு கடிதம், சின்னது.
தூக்கம் வராத ஒரு ராத்திரி
பெட்டியைத் திறந்தாராம்,
குல்லாயைக் கையில் மாட்டிப் பார்த்தாராம்.
உள்ளே, இரண்டு பக்கமும்,
விரல் போய் விழுகிற மாதிரி பள்ளம் இருக்கிறதே,
வழியில் நசுங்கிவிட்டதா?

கையில் மெழுகு. துடைத்துவிட்டு எழுதினேன்:
நசுங்கவில்லை.
விரலை எடுத்துவிடுங்கள்,
கண் இருக்கிற இடம்.