ஒற்றைப்படை வீடு

வாட்டில் தெருவின் நடுவே
ஒரு கோடு போகிறது.
தார் போட்டவர்கள் இழுத்த வெள்ளைக்கோடு இல்லை.
கல்வித் திணைக்களத்தின் வரைபடத்தை
இரண்டு விரலால் பெருப்பித்தால் மட்டும் தெரிகிற
நீலக்கோடு.

இரட்டைப்படை வீடுகள் உள்ளே.
ஒற்றைப்படை வீடுகள் வெளியே.
நாங்கள் இருபத்தேழு.

எதிரே இருபத்தெட்டில்
வயதான குரோவேஷியத் தம்பதி.
பிள்ளைகள் இல்லை, இரண்டு பூனைகள்.
மெல்பேர்னின் முதல் பத்துக்குள் வருகிற பள்ளிக்கூடத்தில் சேர
அந்தப் பூனைகளுக்குத் தகுதி உண்டு
என்று ஜெயந்தன் சொன்னபோது
மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தோம்.

பிறகு சனிக்கிழமைகள்.
பத்தேகாலிலிருந்து பத்தரை வரை
திறந்து காட்டும் வாடகை வீடுகள்.
எங்களோடு இன்னும் ஒன்பது குடும்பங்கள்;
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
ஒரே அலமாரியைத் திறந்து மூடுகிறோம்.
குசினிக் குழாயில் தண்ணீர் வருகிறதா,
வெயில் எந்தப் பக்கம் விழும்,
யாரும் கேட்கவில்லை.
‘ஸோனுக்குள்தானே?’
அது மட்டும், ஒன்பது விதமான ஆங்கிலத்தில்.

கோட்டுக்கு உள்ளே
ஓர் அறை குறைவு, வாரத்துக்கு நூற்றுப்பத்து டொலர் கூட.
கம்பளத்தில் யாருடையதோ நாயின் மணம்.

இதை எழுதுகிற நான் வேலை செய்வது
அதே பட்டியலில்
இருநூறுக்கும் கீழே கிடக்கிற பள்ளிக்கூடத்தில்.
ஒற்றைப்படை வீடுகளுக்கு உரியது அது.
ஆய்வுகூட உதவியாளர்.
பீக்கர் கழுவுவேன், அமிலம் அளப்பேன்,
ஆட்டுக் கண்களை ஐஸ் பெட்டியில் அடுக்குவேன்.

எனக்குத் தெரியும்,
புதன் பின்னேரங்களில் கவுரஸ் சேர்
ஆறரை வரை இருந்து அல்ஜீப்ரா சொல்லிக் கொடுப்பது.
ஐந்து பேர் வருவார்கள். சில நாள் இரண்டு பேர்.
பிஸ்கட் அவருடைய காசு.
இதுவும் தெரியும்:
மூன்றாவது மேசையின் வாயுக்குழாய் அடைத்து ஒரு வருடம்.
பௌதிகத்துக்கு ஆளில்லாமல்
விளையாட்டு ஆசிரியர் பாடப்புத்தகத்தை
உரத்து வாசித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு மத்தியானம் கவுரஸ் சேர் கேட்டார்:
‘அடுத்த வருடம் உன் மகள் ஏழாம் வகுப்புத்தானே?
என்னுடைய வகுப்பில் போடச் சொல்லட்டுமா?’
கழுவி வைத்த பீக்கரை
இன்னொரு முறை கழுவினேன்.

அன்றிரவு மனத்துக்குள் தராசு.
முள் ஆடி நிற்பதற்குள்
ஜெயந்தன் பேனையை நீட்டினான்.
முதலில் கையெழுத்து வைத்தது நான்.
அந்தப் பழியை அவன்மேல் போடமாட்டேன்.

கிடைத்தது அதே தெருவில்,
நாற்பத்திரண்டின் பின்வீடு.
லொறி தேவைப்படவில்லை.
மெத்தையைத் தலையில் சுமந்து
தெருவைக் கடந்தோம்.
இருபத்தெட்டின் பூனை ஒன்று மதிலில் இருந்து பார்த்தது.
சோற்றுச் சட்டியைக் கட்டிப்பிடித்தபடி
நட்டநடுத் தெருவில் நின்றுவிட்டாள் ஆரபி.
‘இதில நின்றால் எந்தப் பள்ளிக்கூடம், அம்மா?’
ஒரு கார் ஹோர்ன் அடித்தது.
‘ஓடி வா!’
எந்தப் பக்கம் என்று நான் சொல்லவில்லை.
அவள் கேட்கவும் இல்லை.

பெப்ரவரி.
இரண்டு அளவு பெரிய சீருடை.
முதல் வெள்ளிக்கிழமை வந்து சொன்னாள்:
‘எல்லாரும் டியூஷனுக்குப் போகினம். நானும் போகட்டா?’

அடுத்த திங்கள், என் ஆய்வுகூடத்தில்
ஏழாம் வகுப்பின் முதல் நாள்.
நெட்டையாய் ஒரு பையன், பெயர் டெங்.
பாதுகாப்புக் கண்ணாடி கொடுக்கும்போது
எங்கே இருக்கிறாய் என்று சும்மா கேட்டேன்.
வாட்டில் தெரு, இருபத்தேழு.
அங்கே கதவு நிலையில்
யாரோ உயரம் அளந்து
பென்சிலால் கோடு கோடாய்ப் போட்டிருக்கிறார்களாம்.
‘மேல்கோட்டைவிட நான் உயரம்’ என்றான்,
கையைத் தலைக்குமேல் வைத்துக் காட்டி.

பிறகு பையைத் தூக்கிக்கொண்டு
மூன்றாவது மேசைக்கு நடந்தான்.
‘அங்கே வேண்டாம்’ என்றேன்.
‘முன்னுக்கு வா.
இந்த அடுப்பு பற்றும்.’