துணைக்கால்

பிடோக் பலதுறை மருந்தகம், மூன்றாம் முகப்பு.
திங்கள் காலை, இருமல் வரிசை.
அடையாள அட்டையை நீட்டியவர்
பெயருக்கு முன்னால் ஒன்று விட்டுப்போனதாகச் சொன்னார்,
குறையாக அல்ல, வாய்ப்பாடு ஒப்பிக்கிறவர்போல்.
சர் ஹம்ஃப்ரி வெதர்பை-டோல். ஏழாம் பாரனெட்.
ஏதோவொரு மன்னருக்கு ஏதோவொரு மூதாதை
கடன் கொடுத்துத் திரும்பக் கேட்காததற்கு வந்ததாம்.

கணினியில் நாலே கட்டம்:
திரு, திருமதி, குமாரி, டாக்டர்.
திருவைத் தட்டினேன்.
செல்வம் என்றும் பொருள் உண்டு, பரவாயில்லை.

"அடுத்து யாருக்குப் போகும்?"
கேட்டிருக்கக் கூடாது. பின்னால் பதினோரு பேர்.
பெர்த்தில் டயர் விற்கும்
ஒன்றுவிட்ட தம்பியின் மகனுக்கு.
பார்த்ததுகூட இல்லையாம்.
"மகளுக்கு?"
"ஆண்வழி மட்டும்" என்றார்,
பக்கத்தில் நின்ற யூனிஸ் சுகுணாவைப் பார்க்காமல்.
அவள் துணிப்பைக்குள்
அவருடைய சிறுநீர்க் குப்பியைத்
தேடிக்கொண்டிருந்தாள்.
மூவறை வீடு, நகர மன்றக் கட்டணம்,
ரத்தக்கொதிப்பு:
இவை பெண்வழியும் போகும்.

3047 ஒளிர்ந்தது. அவர் கவனிக்கவில்லை.
"சார்!" என்றேன்,
ஏர்கான் கழுவ வருபவரை,
பேருந்து ஓட்டுநரை,
வழிமறித்து நிற்கும் எவரையும்
கூப்பிடுவதுபோல.
சட்டென்று நிமிர்ந்தார்.
எந்த நூற்றாண்டிலிருந்து
அவர் காதில் விழுந்ததோ.

சர் என்பதற்கும் சார் என்பதற்கும்
ஒரு துணைக்கால்தான் வித்தியாசம்.
நாலுமுனைத் தடியை
என் முகப்பிலேயே சாய்த்துவிட்டு
இரண்டு எட்டு நடந்துவிட்டார்.
குப்பியை வாயில் கவ்வியபடி
ஓடிப்போய்
முழங்கையைப் பிடித்தாள் அவள்.