நாற்பத்தொரு மணி

முக்கூடல் சாலையில் லாரியை மறித்தபோது
பெட்டியைக் கழுவி முடித்திருந்தான் இசக்கிராஜ்.
அவன் கையில் நம்பியாற்றுப் பெர்மிட்.
பின்கதவுக் கீலில் மிஞ்சிய சிட்டிகையைத்
திருநீறு போல் மடித்துப்
பாளையங்கோட்டைக்கு அனுப்பியிருந்தார்கள்.

நாற்பத்தொரு மணி தேறியது.
ஒவ்வொன்றாய் நுண்ணோக்கியில் அளந்தேன்.
சராசரி, அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கீழே.
என் நோட்டில் மூன்று மணல்கள் உண்டு:
சேரன்மகாதேவித் தாமிரபரணி, நம்பியாறு,
உவரிப் பக்கத்துத் தேரி.

தேரி முதலில் கழன்றுகொண்டது.
அதன் மணிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு,
ஒரே பிடிவாதம்.
மற்ற இரண்டும் போகவில்லை.
சராசரி தாமிரபரணிப் பக்கம் சாய,
திட்டவிலக்கம் நம்பியாற்றுக்கு இழுத்தது.

"எந்த ஆறுன்னு ஒத்த வரியில எழுதிருங்க மேடம்,"
ஏட்டு சங்கரபாண்டியன்.
தாமிரபரணி என்றால் பொருந்தும்.
நம்பியாறு என்றாலும் பொய்யில்லை.
இன்னும் ஒரு கைப்பிடி இருந்தால்...

"இருந்தா அவன் ஏன் களுவுதான்?"

ராத்திரி வீட்டில் காலண்டருக்கு ஆணி அடித்தேன்.
போன வருஷம் பூசிய சுவர்.
உதிர்ந்ததைத் தாளில் ஏந்தினேன்.
அளக்கவில்லை.
மடித்து,
பீரோவில் இருக்கிறது.