கொடிவேரியில் ஒரு தீவு

அணைக்கு மேற்கே, மஞ்சக்காட்டு வரப்பையொட்டி
பாதிக் கப்பல் கட்டியிருந்தார்கள், பிளைவுட்டில்.
மீதிப் பாதியும் கடலும்
கம்ப்யூட்டரில் வருமாம்.

தலைக்கு அறுநூறு. மத்தியானம் தக்காளிச் சோறு.
மில்லில் நைட் ஷிப்ட் முடித்த நாற்பது பேர்
வேனில் இறங்கித் தீவுக்காரர்களானோம்.
மேக்கப் பையன் என் கையைப் பார்த்துவிட்டு
"உங்களுக்கு வேண்டாங்கக்கா" என்று
கருப்பு டப்பாவை மூடினான்.

பாதிரியாராக வந்தவர் பாலக்காட்டுக்காரர்.
அங்கிக்குள் வேர்த்துக்கொட்டி
ஷாட்டுக்கு ஷாட் இளநீர் கேட்டார்.
தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்த மாதம்;
மூன்று டேக்கில் எங்களுக்கு ஞானஸ்நானம்.
அப்புறம் ரவிக்கை கொடுக்கும் காட்சி.
கொடுத்ததையெல்லாம் எண்ணித் திரும்ப வாங்கிய
காஸ்ட்யூம்காரர்
ஒன்று குறைகிறதென்று
சாயங்காலம் வரை கத்திக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் அம்மை கண்டு செத்தோம்.
எறும்பு கடித்தாலும் அசையக்கூடாது.
பக்கத்துப் பிணம் யோபு, உதடு பிரியாமல் கேட்டான்:
"ஏனுங்கக்கா,
கெணத்துல கயிறு போட உடாத ஊர்ல
நம்மாளுக கையில சிலேட்டக் குடுத்ததும்
இந்த மாதிரி ஒரு அங்கிதானுங்களே?
இவர மொறைக்கறதுங்களா, கும்பிடறதுங்களா?"
பிணத்துக்கு வசனம் இல்லை.
பேசாமல் கிடந்தேன்.

கடைசி நாள்
என் பிள்ளையைக் கப்பலில் ஏற்றுகிறார்கள்.
நான் கரையில் நின்று கத்த வேண்டும், தீவு பாஷையில்.
"எந்த பாஷைங்க சார்?"
"இல்லாத பாஷைம்மா. வாய்க்கு வந்ததைக் கத்துங்க."

வாய்க்கு வந்தது,
வீட்டுக்குள் மட்டும் பேசுவது.
பஸ்ஸிலும் பள்ளியிலும் மில்லிலும்
நாக்குக்கடியில் மடித்து வைத்திருப்பது.
கோயிலில் ஜெபிக்கும்போதுகூட
எழுந்து வராதது.
"நா பிட்டா" என்று ஆரம்பித்து
என்னென்ன சொன்னேனோ,
பிள்ளையாக நடித்த சத்தியமங்கலத்துப் பையன்
நிசமாகவே அழுதுவிட்டான்.

"கட்!"
ஹெட்போனைக் கழற்றினார் ஐதராபாத் சவுண்டுக்காரர்.
"சார், இது தெலுங்கு."
கொஞ்சம் தயங்கி,
"தெலுங்கு மாதிரி. ரொம்பப் பழசு."
"டப்பிங்ல மாத்திக்கலாம், போங்க."

ஈரோட்டில் ரெண்டாம் ஆட்டம் பார்த்தோம்.
கடல் இருந்தது. கப்பல் முழுசாக இருந்தது.
என் வாய் அசைந்தது.
அதற்குள்ளிருந்து யாரோ ஒருத்தி
ஊளையும் பாட்டுமாக எதையோ சொன்னாள்.
முன் சீட்டில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
யோபு என் பக்கம் திரும்பவில்லை.

காஸ்ட்யூம்காரர் எண்ணியது சரிதான்.
அன்றைக்குத் தியேட்டருக்கு
அதைத்தான் போட்டுப் போயிருந்தேன்.
தோளில் கொஞ்சம் பிடிக்கும்.