நனைந்த வடம்

மின்சாரம் போனது இரவு ஒன்பது பத்துக்கு.
இரண்டரை மணி நேரம் என்றது கைப்பேசி.
பம்பு ஒருமுறை விக்கி நின்றது.
அணையடியில் நாங்கள் தொங்கவிட்ட வடம்
சொட்டியது, சொட்டியது,
சொட்டுவதை மறந்தது.

அதில் பாதி உயரத்தில் விலாங்குக் குஞ்சுகள்.

விரல் நீளம். தீக்குச்சிக் கனம்.
டார்ச் அடித்தால் உள்ளே முதுகெலும்பு தெரியும்,
மிளகுத் தூள்போல் கண் தெரியும்.
மடகாஸ்கருக்கு அப்பால் எங்கோ உப்பில் பிறந்து
டர்பன் கழிமுகத்துப் பிளாஸ்டிக் பைகளுக்குள் புகுந்து வெளியேறி
உம்கேனியை மோந்துகொண்டே வந்து
இனாண்டாச் சுவரில் மூக்கு முட்டி நின்றவை.

முதலில் நைலான் கயிறு கட்டினோம்.
ஒன்றுகூட ஏறவில்லை.
தேங்காய் நார் வேண்டும் என்று
பீனிக்ஸில் கோயிலுக்குப் போனேன்.
"பழைய தேர் வடமா? எதற்கு?" என்றார் தேவராஜ் மூட்லி.
மீன் ஏற.
"என்ன மீன்?"
விலாங்கு.
"பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுமே, அந்தப் பயலா?"
முகம் சுளித்தார்.
காட்டாமல் என்ன செய்யும் ஐயா,
இருபது வருஷம் ஆற்றில் குடித்தனம்,
கடலில் ஒரே ஒரு கல்யாணம்,
அதோடு சாவு.
இரண்டு ஊருக்கும் வரி கட்டுகிற உயிர் அது.
என்ன நினைத்தாரோ,
கொட்டகைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு
டீ ஊற்றப் போனார்.

ஆயிரம் பேர் பிடித்து இழுத்த வடம்.
இப்போது இழுக்க ஆளில்லை, தேரில்லை.
வடத்தின்மேல் தாமாகவே நகர்ந்தன
முந்நூறு சின்னஞ்சிறு ஈரங்கள்.
கயிறு காய்ந்தால் அங்கேயே ஒட்டிக்கொண்டு
காலையில் சருகாகிவிடும்.

"வாளி" என்றான் மண்ட்லென்கோசி.

இருபத்திரண்டு படி.
கீழே மொண்டு மேலே ஏறி
வடத்தின் தலையில் மெல்ல ஊற்ற வேண்டும்.
வேகமாக ஊற்றினால் குஞ்சுகள் அடித்துப்போகும்.
அபிஷேகத்துக்கு ஊற்றுவதுபோல் என்று சொல்ல நினைத்தேன்;
மூச்சு இல்லை.
முப்பது வாளி வரை எண்ணினேன்.
அப்புறம் முழங்கால்தான் எண்ணியது.

நடுவில் ஒருமுறை படியில் உட்கார்ந்து
சுவரைக் காட்டினான்.
அதற்கு அந்தப் பக்கம், தண்ணீருக்கு அடியில்
அவன் அம்மா சாணம் மெழுகிய வீடு.
அணை நிரம்பிய வருஷம் அவனுக்குப் பன்னிரண்டு வயது.
"இந்த உம்போக்வானே மேலே போகட்டும்.
எங்கள் அடுப்பங்கரையில் இடம் இருக்கிறது.
வாடகை கேட்கமாட்டேன்."
சிரித்தான்.
நான் சிரிப்பதா என்று தெரியாமல்
வாளியை எடுத்தேன்.

பதினொன்று நாற்பதுக்கு வர வேண்டிய மின்சாரம்
பன்னிரண்டே காலுக்கு வந்தது.
பம்பு இருமிக்கொண்டு எழுந்தது.
மேல்தொட்டியில் முந்நூற்றுப் பதினெட்டு.
வடத்தில் காய்ந்து கிடந்தவை நாற்பத்தொன்று.
இரண்டையும் நோட்டில் எழுதினேன்.
நாற்பத்தொன்றை எழுதும்போது பேனா அழுத்தியது.

பிறகு பக்கியில் ஏற்றினோம்.
தமிழில் வசவு, இங்கே சின்ன லாரி.
பின்னால் தொட்டி தளும்பத் தளும்ப
இரண்டாம் கியரிலேயே அணைமேல் ஓட்டினேன்.
சனிக்கிழமை பாஸ் மீன் போட்டிக்கு வந்த படகுகள்
தார்பாய் போர்த்தித் தூங்கின.
பாஸுக்கு இவை ஒரு வாய்.
அதனால் கரையோர நாணலுக்குள், இருட்டில்.

இறங்க வேண்டியவற்றுக்கு இன்னும் வழி செய்யவில்லை.
சுவருக்கு மேலே, அதைவிட வயதான பெண் விலாங்குகள்
தொடைத் தடிமனில், வெள்ளி வயிற்றோடு,
ஒவ்வொரு மழைக்கும் கதவுப் பக்கம் வந்து
திரும்பிப் போகின்றன.
அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்கிறார்கள்.

தொட்டியைச் சாய்த்தபோது ஒன்று மட்டும்
என் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது.
தண்ணீரில் கையை வைத்துக் காத்திருந்தேன்.
அது போகவில்லை.
ஈரம் இருந்த வரைக்கும்
முழங்கையை நோக்கி
ஏறிக்கொண்டே இருந்தது.