வரி இருநூற்றுப் பன்னிரண்டு

அறிவியல்நகரில் இரவு பத்து மணிக்கு
லாப் பூட்டுவார்கள்.
திறப்புக்கோர்வை குலுங்கும் சத்தத்துக்கு முன்
நாங்கள் நாலு பேரும் அனுப்பிவிட வேண்டும்:
பானுஜா, றிஸ்னா, நான்,
மாங்குளத்திலிருந்து பஸ்ஸில் வருகிற
லப்டொப் இல்லாத கவிநிலவன்.

எங்கள் புரொஜெக்ட், வாய்க்கால் முறை.
எந்த இரவு எந்த வயலுக்குத் தண்ணீர்,
கதவு எத்தனை மணிக்குத் திறக்கும் என்று
கமக்காரரின் போனுக்குச் செய்தி போகவேண்டும்.
"ஆளுக்கொரு கிளை விரிச்சு எழுதுங்கோ" என்றார் சேர்.
"மெயினில நேரடியாக் கை வைக்கவேண்டாம்.
ஆர் எவ்வளவு செய்தது எண்டு
பதிவு எனக்குச் சொல்லும்."

முதல் வாரம் பதிவு சொன்னது:
சரி
இப்ப சரி
உண்மையாச் சரி
கரண்ட் போச்சு, மிச்சம் நாளைக்கு

இரண்டாம் வாரம் றிஸ்னாவும் நானும்
ஒரே கதவைத் திறந்தோம்.
அவள் ஆறு மணிக்கு, நான் ஏழுக்கு.
கோப்பு நடுவால் பிளந்து
அம்புக்குறிகளை ஏழேழாக நட்டு
இது உன்னது, அது அவளது,
ஒன்றைத் தெரிவுசெய் என்று நின்றது.
றிஸ்னா கமக்காரர் சங்கச் செயலாளருக்கு
போன் எடுத்தாள்.
"ஆறுமில்லைப் பிள்ளை, ஏழுமில்லை.
யானை போனாப் பிறகுதான் திறப்பம்."
இரண்டையும் அழித்தோம்.
யானைக்கு ஒரு மாறி வைத்தோம்.

கவிநிலவன் யாருடைய லப்டொப் சும்மா கிடக்கிறதோ
அதன் முன்னால் வந்து நிற்பான்.
பானுஜா சாப்பிடப் போன நேரம்,
றிஸ்னா தொழப் போன நேரம்,
நான் கன்ரீனில் பிளேன்ரீ குடிக்கிற நேரம்.
எங்கள் நேரங்களின் வரம்பில் நின்று எழுதினான்.

நடுத்தவணையில் சேர் எல்லாவற்றையும் திரையில் விரித்தார்.
பானுஜா நூற்றிநாலு.
நான் தொண்ணூற்றொன்று.
றிஸ்னா எழுபத்தொன்பது.
கவிநிலவனுக்குப் பூச்சியம்கூட இல்லை,
பூச்சியம் போடவும் ஒரு பெயர் வேண்டும்.
"தம்பி, நீர் என்ன செய்தனீர்?"
அவன் சுழலாத மின்விசிறியைப் பார்த்தான்.

ஒவ்வொரு வரிக்கும் ஆள் காட்டும் கட்டளை ஒன்று உண்டு.
அதற்குப் பழி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
சேர் அதைத் தட்டினார்.
வரி 212:
கடைமடை நனையுமுன் முறை முடிந்தால்
மிச்சத் தண்ணீரை மறுநாள் இரவுக்கு ஏற்றுவது.
மூன்று நாள் நாங்கள் மூவரும் தோற்ற இடம்.
பக்கத்தில் என் பெயர், என் மின்னஞ்சல், இரவு 9.52.
"நல்ல வரி" என்றார், என்னைப் பார்த்து.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே சைக்கிள் பார்க்கில் அவன்தான் பேசினான்.
"விடு மச்சான்.
என்ர பிறப்புப் பத்திரமே அனுமான வயதுதான்.
ஒரு கிளாக்கர் யோசிச்சு
நல்ல மாதமாப் பார்த்துப் போட்டவர்."
சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நடந்ததை மாற்றி எழுதவும் கட்டளை இருக்கிறது.
சேர் அதைத் தடுத்து வைத்திருந்தார்,
மற்றவர்களின் பிரதிகள் குழம்பும் என்று.
ஆகவே பழையதைத் தொடமுடியாது,
மேலே ஒன்றை வைக்கத்தான் முடியும்.
அன்றிரவு ஒரு எழுத்தும் மாறாத
வெறும் கொமிட் ஒன்று போட்டேன்.
குறிப்பு:
வரி 212 என்னுடையதல்ல. 118உம், 340 முதல் 366 வரையும் அல்ல.
கவிநிலவன் எழுதியது. நின்றபடி எழுதியது.
கதிரையில் என் பை இருந்தது.

சிக்னல் ஒரு கோடு.
தொண்ணூற்றெட்டு வீதத்தில் நின்று, யோசித்து, போனது.
திறப்புகள் குலுங்கின.

மறுநாள் என் லப்டொப்பில் அவன் முதலில் தட்டியது
தன் பெயரை. தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு.
பிறகு, "பையை எடு" என்றான்.

பின்னேரம் அதைத் திரும்ப மாற்ற நான் மறந்துவிட்டேன்.
என் மூன்று பிழைகள்
அவன் பெயரில் மெயினுக்குப் போயின,
யானை வந்துபோகாமலே கதவு திறந்தது.
அவன் பழியைத் தட்டிப் பார்த்தான்.
தன் பெயரை மூன்று தரம் வாசித்தான்,
சத்தமாக.