குழாய் வேலை

மெய்யெழுத்தில் தொடங்குகிற ஊர்.
நடுவில் ஓர் இகரத்தை முட்டுக்கொடுத்துத்தான்
என் நாக்கு உள்ளே நுழைந்தது:
கிதான்ஸ்க்.
"பரவாயில்லை" என்றார் ரயில் பரிசோதகர்,
"இந்த மாதம் முழுக்க
எல்லோரும் தப்பாகத்தான் சொல்லப்போகிறார்கள்."

கோப்பை வந்திறங்கியதும்
ஹோட்டல் அறைகள் நாலு மடங்காகிவிட்டன.
எனக்குக் கிடைத்தது
கடலோரக் குடியிருப்பில் நான்காம் மாடி,
லிஃப்ட் இல்லை,
ஒரே அறை, ஒரே கட்டில்.
சாவியைத் தந்துவிட்டு பானி ஹல்ஷ்கா
பாதி ஜெர்மனிலும் பாதி விரல்களிலும் சொன்னாள்:
நான் சோபோட்டில் அக்கா வீட்டில் இருப்பேன்.
காலை பத்திலிருந்து நாலு வரை
நீங்கள் வெளியே போய்விட வேண்டும்.
குழாய் வேலை நடக்கிறது.

போனேன்.
அம்பர்க் கல் விற்கும் தெருவில்
அம்பரில் பந்து செய்து வைத்திருந்தார்கள்,
உள்ளே ஒரு கொசு,
நாலு கோடி வருஷமாக ஆட்டம் முடியாமல்.
கப்பல் கட்டும் தளத்துக் கிரேன்கள்
கழுத்தைத் தூக்கி நின்றன,
டிக்கெட் கிடைக்காதவர்கள்
மதிலுக்கு மேல் எட்டிப் பார்ப்பதுபோல.
முகத்தில் கொடி வரைந்துகொண்ட ஒருவன்
மழை வந்ததும்
இரண்டு நாடுகள் கலந்த நிறத்தில் நின்றான்.

அந்த மழையில்தான் என் ஷூ நனைந்தது.
மதியம் ஒரு மணி இருக்கும்.
மாற்று சாக்ஸ் எடுக்க மாடியேறினேன்.

குழாய்க்காரர் யாரும் இல்லை.
கதவுக் கொக்கியில்
டிராம் ஓட்டுநரின் நீலக் கோட்டு.
துணிக் கிளிப் போட்டு இறுக்கிய திரை.
என் போர்வை மடித்து நாற்காலியில்,
அதன் மேல் என் பாஸ்போர்ட், நேராக.
கட்டிலில், தன் சொந்தப் போர்வைக்குள்,
முழங்கையால் கண்ணை மூடி
அவள்.

அக்கா இல்லை.
சோபோட்டும் இல்லை.
இரவெல்லாம் ஊர் சுற்றுகிறவர்களை
ஏற்றி இறக்கிவிட்டு வருகிறாள்,
நான் எழுந்து போன சூட்டில்
வந்து படுக்கிறாள்.

பூட்டு டக்கென்று சத்தம் போடுகிற ரகம்.
நாக்கை விரலால் அழுத்திப் பிடித்து
மெல்ல, மெல்ல,
ஒரு பெனால்டிக்கு
அரங்கமே மூச்சை நிறுத்துவதுபோல்
கதவைச் சாத்தினேன்.

நாலு மணிவரை கடற்கரை.
ஈர ஷூவைக் கழற்றிவிட்டு
பால்டிக் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
உப்பு போட மறந்த கஞ்சி.
ஒரு கடற்பறவை
என் உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுவிட்டு
இன்னும் இருக்கிறதா என்று பார்த்தது.

அடுத்த ஆட்டத்தன்று
நாலு கோல் வாங்கித் தோற்றவர்கள்தான் பாடினார்கள்.
பச்சைச் சட்டைகள் குதித்த குதியில்
டிராம் தண்டவாளத்திலேயே படகானது.
ஓட்டுநர் இருக்கையிலிருந்து மணி,
பாட்டுக்குத் தாளம் பிசகாமல்,
டிங், டிங்.
கண்ணாடியில் இரண்டு கண்கள்.
என்னைப் பார்த்தன, தாண்டிப் போயின.
நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
முந்தைய நிறுத்தத்தில் இறங்கி
மீதித் தூரம் நடந்தேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில்
தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்,
குளிர்ந்த பக்கம் மேலே இருக்கட்டும் என்று.
அவளும் திருப்பிப் போட்டிருப்பாள்போல.
இரவில் வந்தால்
நான் பார்த்த அதே மஞ்சள் கறை
அதே மூலையில்.

கடைசி நாள் சாவியை வாங்க வந்தாள்,
சோபோட்டிலிருந்து வருகிறவள் மாதிரி
கையில் பை, மூச்சு வாங்கல்.
குழாய் வேலை தொந்தரவாக இருந்ததா?
இல்லை, சத்தமே கேட்கவில்லை.

அதற்காக என்று
இருபது ஸ்வாட்டி திருப்பித் தந்தாள்.
வேண்டாம் என்று சொன்னால்
தெரிந்துவிடும்.
வாங்கிக்கொண்டேன்.